இருட்டைத் தேடிய விஞ்ஞானி

1949-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி. இரவு நேரம்.

அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வான ஆராய்ச்சி நிலையம். பட்டணத்தை விட்டு விலகிய கிராமப்புறத்தில் இருந்தது. அங்கே ஓர் இந்திய வாலிபர் டெலஸ்கோப்பின் அருகே விழித்திருந்தார். வயது 21. மேல் படிப்புக்காக அமெரிக்கா வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

டெலஸ்கோப்புக்குள் ஒரு கண்ணாடித் தகடு வைக்கப்பட்டிருந்தது. வானத்தைப் படம் பிடிக்கும் தகடு. கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பது போலக் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற வேலை அல்ல இது. மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். நேரம் ஆக ஆகத்தான் நட்சத்திரங்களின் மங்கலான ஒளி தகட்டில் பதியும்.

படம் எடுத்து முடிந்தது. தகட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய் மருந்து நீரில் கழுவி எடுத்தார் அந்த வாலிபர். வழக்கமாக எடுக்கிற படங்களில் அதுவும் ஒன்று. ஏராளமான நட்சத்திரங்கள், ஊசி முனையால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஆனால் அவற்றின் நடுவே ஒன்று மட்டும் புள்ளியாக இல்லை. இழுத்து விட்டது போல் இருந்தது.

அது ஒரு வால்நட்சத்திரம்! அதுவரை எவரும் கண்டறியாத வால்நட்சத்திரம்!

அதைக் கண்டுபிடித்த வாலிபர்தான் வைணு பாப்பு. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையைத் தேடி வந்து, காட்டுக்கு நடுவே டெலஸ்கோப்புகளை நிறுத்தி, காவலூர் என்ற சின்னஞ்சிறு ஊரின் பெயரை உலகம் அறியச் செய்தவர் அவர்.

புள்ளியும் கோடும்

நட்சத்திரம் புள்ளியாகவும் வால்நட்சத்திரம் கோடாகவும் விழுந்தது ஏன்?

பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை வீதம் இந்த ஓட்டம். முழு நிலவின் அகலம் அரைப் பாகை. அப்படியானால் இரண்டே நிமிஷத்தில் ஒரு நட்சத்திரம் நிலவின் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. டெலஸ்கோப்பை அசையாமல் நிறுத்தி நெடுநேரம் படம் எடுத்தால் எல்லா நட்சத்திரங்களும் கோடு கோடாகத்தான் விழும்.

ஆகவே டெலஸ்கோப்பையும் கடிகார இயந்திரம் கொண்டு வானத்தோடு சேர்ந்து நகரச் செய்வார்கள். இயந்திரம் கொஞ்சம் பிசகினாலும் படம் பாழ். அதனால் ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருந்து, ஒரு நட்சத்திரத்தைக் குறியாக வைத்து, அது குறியிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்கும். ஆனால் வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றித் தன் வழியே போய்க்கொண்டிருப்பது. அது நட்சத்திரக் கூட்டத்தோடு சேர்ந்து நகராது. ஆகவே படத்தில் அது மட்டும் தனித்து இழுபட்டுத் தெரியும்.

பாப்புவின் கண்ணில் பட்டது அந்த இழுப்புதான். அதைச் சரிபார்ப்பதில் கைகொடுத்தவர்கள் அவருடைய ஆசிரியர் பார்ட் போக்கும், உடன் படித்த கார்டன் நியூகர்க்கும். மூவர் பெயரையும் சேர்த்து பாப்பு-போக்-நியூகர்க் வால்நட்சத்திரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பசிபிக் வானசாஸ்திர சங்கம் பாப்புவுக்கு டோன்ஹோ பதக்கம் வழங்கியது.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வால்நட்சத்திரத்தைத் தேடி அவர் அன்று அந்தத் தகட்டை வைக்கவில்லை. ஆனால் தகட்டில் விழுந்த அழுக்கு என்று தள்ளிவிடாமல், அது என்ன என்று உற்றுப் பார்க்கத் தெரிந்திருந்ததே, அது அதிர்ஷ்டம் அல்ல. அந்தப் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே வந்தது.

தந்தையின் தொழில்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். பூர்வீகம் கேரளத்தின் மலபார்ப் பகுதி. பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தைக்கு ஐதராபாத்தில், நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். ஆகவே பையன் வளர்ந்தது டெலஸ்கோப்புகளின் நிழலில்.

அந்த நிலையத்துக்கு அப்போது பெரிய பெயர் இருந்தது. உலகத்து வான ஆராய்ச்சி நிலையங்கள் பலவும் ஒன்று சேர்ந்து, வானம் முழுவதையும் பாகம் பிரித்துக்கொண்டு போட்டோ எடுத்து, நட்சத்திரங்களுக்கு ஜாபிதா தயாரித்த காலம் அது. நிஜாமியா நிலையமும் தன் பங்கை ஏற்றுக்கொண்டது. இரவு தோறும் தகடு வைப்பது, பகலில் அந்தத் தகடுகளில் உள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக அளப்பது. இப்படியே பல ஆண்டுகள் உழைத்து, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத நாளில், கண்ணும் கையும் மட்டுமே கொண்டு செய்த வேலை இது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு எதில் மனம் போகும்? கல்லூரி மாணவராக இருக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரைகள் வெளியிட்டார் பாப்பு. ஹார்வர்டு வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரும் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானியுமான ஹார்லோ ஷாப்லி ஐதராபாத்துக்கு வந்தபோது அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு ஹார்வர்டின் கதவைத் திறந்தது. ஐதராபாத் சர்க்காரின் உதவித்தொகையுடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அவர் வளர்ந்த நிஜாமியா நிலையம் இருந்தது பேகம்பேட்டையில். ஐதராபாத் பட்டணம் பெருக, பேகம்பேட்டையும் பட்டணத்தின் நடுவிலேயே அகப்பட்டுக்கொண்டது. தெரு விளக்கு வந்தது. கடை விளக்கு வந்தது. மோட்டார் விளக்கு வந்தது. கடைசியில் 1960-களில், ஐதராபாத்துக்கு வெளியே ஜாபால், ரங்காபூர் என்ற கிராமங்களின் பக்கம் போய்ப் புதிய டெலஸ்கோப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஹார்வர்டிலும் இதே கதைதான். பல்கலைக்கழகம் இருக்கும் கேம்பிரிட்ஜ் பட்டணத்தில் வெளிச்சம் அதிகமாகவே, 1930-களில் படம் எடுக்கும் வேலையைக் கிராமப்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கிராமப்புறத்து இருட்டில்தான் பாப்புவின் வால்நட்சத்திரம் சிக்கியது.

வெளிச்சம் ஏன் பகை?

விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரம் மங்கலாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வானத்தைப் படம் பிடிக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன ஊர். ஓர் அமாவாசை இரவில் அங்கே மணிமுத்தாற்றங்கரையில் ஒருவர் கேமராவோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே திரும்புகிறார். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, பன்னிரண்டு பாகைக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைக்கிறார். அரை மணி நேரம் போனால், மற்ற நட்சத்திரங்கள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வளையல் துண்டுகள் போல வளைவு வளைவாகப் பதியும். பார்க்க மிக அழகாக இருக்கும்.

ஆனால் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் நெய்வேலி இருக்கிறது. மின்சார நிலையங்களிலும் சுரங்கங்களிலும் இரவு முழுவதும் விளக்கு எரிகிறது. விருத்தாசலத்துக் கடைவீதியிலும் எரிகிறது. இந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு மேலே போய்க் காற்றில் உள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறித் திரும்புகிறது. வானமே லேசாக வெளுத்துவிடுகிறது.

மனிதன் கண்ணுக்கு ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாது. ஒரு நட்சத்திரத்தை ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தாலும் முதலில் தெரிந்த பிரகாசம்தான் தெரியும். தகடு அப்படி அல்ல. அதன் மேல் வெள்ளி உப்பு கலந்த பூச்சு இருக்கிறது. ஒளி பட்ட இடத்தில் அந்த உப்பு மாறுதல் அடைகிறது. மேலும் ஒளி பட்டால் மேலும் மாறுகிறது. கூரையிலிருந்து சொட்டும் மழை நீரைக் குடத்தில் பிடிப்பது போல, தகடு ஒளியைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்துச் சேர்க்கிறது. கண்ணுக்கே தெரியாத நட்சத்திரம் கூடத் தகட்டில் தெரிவது இதனால்தான்.

இங்கேதான் சிக்கல். குடத்துக்கு நல்ல தண்ணீர், சேற்றுத் தண்ணீர் என்ற பேதம் தெரியாது. தகட்டுக்கும் நட்சத்திர ஒளி, தெருவிளக்கு ஒளி என்ற பேதம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். நேரம் நீள நீளத் தெருவிளக்கின் ஒளியும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தகடு முழுவதும் கருத்துப்போய், எந்த நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தோமோ அதுவே மறைந்துவிடும். பீங்கான் சூளை வைப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். சீக்கிரம் எடுத்தால் வேகாது. அளவுக்கு மீறினால் வளைந்துவிடும். இருட்டான இடத்தில் சூளை நெடுநேரம் தாங்கும். பட்டணத்தில் சீக்கிரமே கெட்டுவிடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் கண்ணாடித் தகடு போய், டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. ஊருக்குள்ளேயே மொட்டை மாடியில் நின்று படம் எடுக்கிறவர்கள், ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாகச் சில வினாடிப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் கலந்த விளக்கு வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கழிக்கிறார்கள். இதனால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் மிக மங்கலான வான்பொருள்கள் வெளிச்சத்தில் மூழ்கிவிட்டால் அவற்றை மீட்பது கம்ப்யூட்டருக்கும் கஷ்டமே. பாப்புவின் காலத்தில் அந்த வசதியும் கிடையாது. இருட்டான இடத்தைத் தேடிப் போவது ஒன்றுதான் வழி.

விளக்கில் எழுதிய எழுத்து

1952-ம் ஆண்டு பாப்பு டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கார்னகி உதவித்தொகை கிடைத்து, கலிபோர்னியாவில் உள்ள வில்சன் மலை, பாலமார் மலை ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போனார். பாலமார் மலையில் அப்போது உலகத்திலேயே பெரிய டெலஸ்கோப் இருந்தது. அதன் ஆடி 200 அங்குல அகலம். வில்சன் மலையில் முன்பே பெரிய டெலஸ்கோப் இருக்கும்போது இதை ஏன் தூரத்தில் இருக்கும் பாலமாருக்குக் கொண்டுபோனார்கள்? வில்சன் மலையின் அடிவாரத்தில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணம் இருக்கிறது. அதன் விளக்குகள் மலையை எட்டிவிட்டன. காரணம் அதுவே.

கலிபோர்னியாவில் பாப்பு, ஓலின் வில்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்தார். அவரை உலக விஞ்ஞானிகளின் வரிசையில் நிறுத்தியது அதுதான்.

இரவில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. அது பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கா, தொலைவில் இருக்கும் பெரிய விளக்கா என்று எப்படிச் சொல்வது? பல்பின் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதே, அது மட்டும் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். நட்சத்திரத்துக்கும் அதே பிரச்சினை.

நட்சத்திரத்தின் ஒளியை வானவில் போல நிறம் பிரித்துப் படம் எடுத்தால் குறுக்கே கோடுகள் தெரியும். அவற்றில் சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தினால் உண்டாகும் கோடு ஒன்று. சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடக் குளிர்ந்து சிவந்த நட்சத்திரங்களில், அந்தக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று இருக்கும். அந்தக் கீற்று எவ்வளவு அகலமோ, அந்த நட்சத்திரம் உண்மையில் அவ்வளவு பிரகாசம் உடையது என்று வில்சனும் பாப்புவும் காட்டினார்கள். பல்பின் மேல் எழுதிய எழுத்தைப் படித்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். உண்மையான பிரகாசம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். 1957-ம் ஆண்டு வெளியான இந்த ஆராய்ச்சி, வில்சன்-பாப்பு விளைவு என்ற பெயரில் இன்றும் வானசாஸ்திரப் பாடங்களில் இருக்கிறது.

இவ்வளவு பெயர் எடுத்தவர் அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் 1953-ம் ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பி வந்த இடத்தில் பெரிய டெலஸ்கோப் இல்லை. 1954-ம் ஆண்டு உத்தரப்பிரதேச சர்க்கார் காசியில் ஒரு சிறிய வான ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பாப்பு அதன் பொறுப்பை ஏற்றார். காசியின் புழுதியும் விளக்கும் வான ஆராய்ச்சிக்குப் பொருந்துமா? அடுத்த ஆண்டே நிலையம் இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலுக்கு மாறியது. பிறகு நைனிதாலின் விளக்குகளையும் விட்டு விலகி, மனோரா சிகரத்தில் இடம் பார்த்தார்கள்.

கொடைக்கானலில் பனிமூட்டம்

1960-ம் ஆண்டு கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்துக்கு டைரக்டராக பாப்பு நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதுதான்.

இந்த நிலையத்துக்கு மூலம் சென்னை நுங்கம்பாக்கத்தில், 1792-ம் ஆண்டில் எழுந்த வான ஆராய்ச்சிக் கூடம். 1899-ல் அது கொடைக்கானலுக்கு மாறியது. நோக்கம் சூரியனை ஆராய்வது. அதிகாலையில் கொடைக்கானல் வானம் தெளிவாக இருக்கும். சூரியனைப் படம் எடுக்க அது போதும். ஆனால் இரவு ஆராய்ச்சிக்கு அந்த ஊர் ஏற்றதல்ல. மேகமும் பனிமூட்டமும் நினைத்த நேரத்தில் வந்து மூடிக்கொள்ளும்.

ஆகவே பாப்பு இன்னோர் இடம் தேடலானார். தேடியது மூன்று காரியங்களுக்காக. வானம் தெளிவாக இருக்க வேண்டும். பெரிய பட்டணம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. கூடுமானவரை தெற்கே இருக்க வேண்டும். தெற்கே போனால்தான் தென்கோடி வானத்து நட்சத்திரங்களையும் பார்க்க முடியும்.

தேடல் ஜவ்வாது மலையில் வந்து நின்றது. அப்போதைய வட ஆற்காடு ஜில்லா. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மேலே ஏறினால் காவலூர். சந்தன மரங்களுக்குப் பெயர்போன காடு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரம். சுற்றிலும் மலைவாழ் மக்களின் சிற்றூர்கள். இரவு வந்தால் கும்மிருட்டு.

காவலூர் குறையே இல்லாத இடம் என்று சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டின் மேகமும் அங்கே வரும். ஆண்டில் பல மாதங்கள் வானம் திறப்பதே அபூர்வம். ஜனவரியிலிருந்து கோடை வரையில்தான் நல்ல காலம். ஆனாலும் அன்றைக்குத் தென்னிந்தியாவில் இருட்டு, உயரம், போய்வரும் வசதி மூன்றும் ஓரளவு ஒன்றாகக் கிடைத்த இடம் அதுதான்.

1968-ம் ஆண்டு காவலூரில் முதல் டெலஸ்கோப் நின்றது. ஆடியின் அகலம் வெறும் 38 சென்டிமீட்டர். வெளிநாட்டிலிருந்து வந்தது அல்ல. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. உலகத்திலேயே பெரிய டெலஸ்கோப் இருந்த இடத்தில் வேலை பார்த்தவர், காட்டுக்கு நடுவே இந்தச் சின்ன டெலஸ்கோப்போடு ஆரம்பித்தார். டெலஸ்கோப் வாங்குவது பெரிதல்ல, அதைச் செய்யத் தெரிந்த கைகள் நாட்டில் உண்டாக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

1971-ம் ஆண்டு கொடைக்கானல் நிலையம் இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக மாறியது. தலைமையகம் பெங்களூரில் அமைந்தது. பாப்புவே அதன் டைரக்டர்.

1972-ம் ஆண்டு ஜெர்மனியின் ஜீஸ் கம்பெனி செய்த ஒரு மீட்டர் டெலஸ்கோப் காவலூருக்கு வந்து சேர்ந்தது. வந்த சில நாட்களிலேயே, ஜூன் மாதம் 7-ந் தேதி, வியாழ கிரகத்தின் சந்திரன்களில் ஒன்றான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. இந்த நிகழ்ச்சி உலகில் எல்லா இடத்திலும் தெரியக் கூடியது அல்ல. காவலூரில் அதைக் கவனித்தார்கள். 1977-ம் ஆண்டு மார்ச்சு 10-ந் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் சமயத்தில், அந்த கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளிப்பட்டது. அமெரிக்க விஞ்ஞானிகள் அதை ஆகாய விமானத்தில் பறந்தபடி பார்த்தார்கள். அதே நிகழ்ச்சியை ஜவ்வாது மலையிலிருந்து காவலூர் விஞ்ஞானிகளும் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

பார்க்காமல் போன டெலஸ்கோப்

பாப்புவின் மனத்தில் இன்னொரு டெலஸ்கோப் இருந்தது. ஆடி 2.34 மீட்டர் அகலம். அதாவது இரண்டு ஆள் கை கோத்து நிற்கும் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியாவில் அதுவரை இவ்வளவு பெரியதை எவரும் செய்ததில்லை. அதை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்.

பெரிய ஆடியைத் தேய்ப்பது என்பது சாமானியமான வேலை அல்ல. வட்டமான கனத்த கண்ணாடியை நடுவில் குழியும்படி தேய்க்க வேண்டும். குழிவு, தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு கூடப் பிசகக் கூடாது. கொஞ்சம் தேய்ப்பார்கள். சூடு ஆறும்வரை காத்திருப்பார்கள். அளப்பார்கள். மறுபடி தேய்ப்பார்கள். ஆடி நிபுணர் ஏ. பி. ஜெயராஜனும் அவருடைய குழுவினரும் பெங்களூரில் இந்த வேலையைச் செய்தார்கள். ஆடியைத் தாங்கும் பெரிய இரும்பு அமைப்பு மகாராஷ்டிரத்தில் உள்ள வால்சந்த் நகர்த் தொழிற்சாலையில் தயாராயிற்று.

இதற்கிடையே வெளிநாட்டிலும் பாப்புவின் மதிப்பு உயர்ந்துகொண்டே போயிற்று. 1979-ம் ஆண்டு, உலக நாடுகளின் வானசாஸ்திரிகள் எல்லோரும் சேர்ந்த சர்வதேச வானியல் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியை வகித்த இந்தியர் இன்று வரை அவர் ஒருவரே. 1981-ல் மத்திய சர்க்கார் பத்மபூஷண் விருது அளித்தது.

1982-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சர்வதேச வானியல் சங்கத்தின் மாநாடு கிரீஸ் நாட்டின் பட்ராஸ் நகரில் கூடியது. தலைவர் பாப்பு அங்கே இல்லை. ஜெர்மனியில் முனிச் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 19-ந் தேதி, அவர் உயிர் பிரிந்தது. 55 வயது நிறைந்து ஒன்பது நாட்கள்தான் ஆகியிருந்தன.

காவலூரில் பெரிய டெலஸ்கோப்பின் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை.

உடன் இருந்தவர்கள் அந்த வேலையை விட்டுவிடவில்லை. ஆடி தேய்த்து முடிந்தது. மலைப் பாதை வழியே பாகம் பாகமாக எல்லாம் மேலே ஏறின. 1985-ம் ஆண்டு இறுதியில் அந்த டெலஸ்கோப் முதல் முறையாக நட்சத்திர ஒளியைக் கண்டது. 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்தார். டெலஸ்கோப்புக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. புகழ்பெற்ற ஹாலி வால்நட்சத்திரம் 76 ஆண்டுகளுக்குப் பிறகு சூரியனை நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

இரண்டு ஆண்டு கழித்து, 1988-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி, காவலூரில் எடுத்த படத்தில் புதிய சிறுகோள் ஒன்று அகப்பட்டது. கண்டுபிடித்தவர் விஞ்ஞானி ராஜமோகன். நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே நகர்ந்து செல்லும் ஒன்றைத் தேடிப் பிடிக்கும் அதே பழைய வேலை. கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். பாப்புவின் பெயரிலும் வானத்தில் ஒரு சிறுகோள் உண்டு. அதன் எண் 2596.

விளக்குகள் மட்டும் நிற்கவில்லை. மனோரா சிகரத்தைச் சுற்றியும் ஊர்கள் பெருகின. பாப்பு வளர்த்த அந்த நிலையத்தார் இன்னும் தள்ளி தேவஸ்தல் என்ற இடத்தைத் தேர்ந்து, 2016-ம் ஆண்டு 3.6 மீட்டர் டெலஸ்கோப்பைத் திறந்தார்கள். காவலூர் டெலஸ்கோப்பையும் மிஞ்சி, அப்போது இந்தியாவிலேயே பெரிய டெலஸ்கோப்பாக அது இருந்தது. காவலூரைச் சுற்றியும் சமவெளியில் ஊர்கள் வளர்ந்திருக்கின்றன. தெருக்களில் வெள்ளை நிற எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன.

பாப்பு உருவாக்கிய நிறுவனமும் இருட்டைத் தேடி மேலும் வடக்கே போயிற்று. லடாக்கில், ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு நிலையம் அமைத்தது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பகுதி இருண்ட வானப் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. மானையும் புலியையும் காக்க வனம் ஒதுக்குவது போல, இருட்டைக் காக்க ஒதுக்கிய பூமி. அங்குள்ள கிராமத்தார் இரவில் ஜன்னல்களுக்குக் கனத்த திரை போடுகிறார்கள். வெளி விளக்குகளுக்கு மேலே ஒளி போகாதபடி மூடி போடுகிறார்கள். இரவில் அந்த வழியே வரும் மோட்டார்களும் விளக்கைத் தாழ்த்தியே போகின்றன.